வெள்ளை முக்காடும் முறைமாமனும்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் என் மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா முதல் நாள் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தபோது கிண்ணத்தில் பாதிகூட இல்லை. சேலத்தில் வீடு தேடி வந்தவருக்கு அரை டம்ளர் டீ கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் குடித்தேன். அவர் உடனே கிண்ணத்தை வாங்கி மறுபடியும் பாதி ஊற்றினார். அப்புறம் இன்னொரு பாதி. பிறகுதான் மகள் சொன்னாள், மத்திய ஆசியாவில் அதுதான் மரியாதையாம். கொஞ்சமாக ஊற்றினால் சூடு ஆறாது, திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தால்தான் ‘குடிச்சிட்டுக் கிளம்புங்க’ என்று அர்த்தம். கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. அன்று ஏழெட்டுக் கிண்ணம் குடித்திருப்பேன்.

2017-ல் தமிழ்நாட்டுக்கும் நீட் கட்டாயமான பிறகு, சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் டாக்டர் படிப்புக்குக் கிர்கிஸ்தான், ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று போவது சாதாரணமாகிவிட்டது. என் மகளும் அப்படிப் போனவள்தான். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளைக் கும்பல் தாக்கியபோது பயந்துபோய் அவளை ஊருக்கு வரவழைத்தோம். செப்டம்பரில் திரும்பிப் போகும்போது தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கூடப் போய் ஒரு மாதம் இருந்தேன்.

கிர்கிஸ் மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழைப் போலவே சொல்லோடு விகுதி மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டு நீளும். முகம் தெரியாதவர்களையும் அங்கே உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தக்காளி விற்கிற பெண் ‘எஜே’, அதாவது அக்கா. பஸ் ஓட்டுகிறவர் ‘பைகே’, அண்ணன். வீட்டுக்கார அம்மாவை மகள் ‘அபா’ என்றாள், நானும் அப்படியே அழைத்தேன். செருப்பை வாசலில்தான் விட வேண்டும். ரொட்டியைக் குப்புற வைக்கக் கூடாது, அது சோற்றை மிதிப்பது போல. ஓஷ் பஜாரில் குதிரைக் கறியைக் குடலில் அடைத்துச் செய்யும் ‘கஸி’ தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை. ஆனால் தலைக்கறியும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நாக்குக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அடுத்தவர் ஊர் வழக்கங்களில் இது ஒரு வகை. காரணம் தெரிந்ததும் நெருடல் போய்விடும். இன்னொரு வகை உண்டு. அதற்குக் காரணம் கேட்கக் கேட்க நெஞ்சில் பாரம் ஏறும். அப்படி ஒன்றை நான் அங்கே பார்த்தேன். அதே நாட்களில் அபாவும் என்னிடம் அப்படி ஒன்றைப் பார்த்தார்.

ஒரு சாயங்காலம் அவர் என் கணவரைப் பற்றிக் கேட்டார். காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்ததா என்று. ‘என் அம்மாவின் தம்பி’ என்றேன். மகள் அதை ரஷ்ய மொழியில் சொன்னாள். அவள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்து அபா திரும்பக் கேட்டார்: “கூடப் பிறந்த தம்பியா? ஒரே தாய் வயிற்றிலா?” ஆமாம் என்றதும் அவர் கை தானாக வாய்க்குப் போனது. கொஞ்ச நேரம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேசை மேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டலில் என் மேல் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கட்டமைப்பு இருக்கிறது. கிர்கிஸ் பிள்ளைகள் அப்பா, தாத்தா, பூட்டன் என்று மேலே ஏழு தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ‘ஜெத்தி அத்தா’, ஏழு தகப்பன்மார். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்பார்களே, அதே ஒலி. ஏழு தகப்பன் பெயர் தெரியாதவன் அடிமை என்று அங்கே பழமொழியே உண்டு. மந்தையோடு மலைக்கு மலை நகர்ந்து வாழ்ந்த கூட்டத்துக்கு ஊர் பெயரோ வீட்டு எண்ணோ அடையாளம் இல்லை. இந்தப் பெயர் வரிசைதான் யார் யாருக்கு என்ன உறவு என்பதற்கான பட்டா. அந்த ஏழு தலைமுறைக்குள் தந்தை வழியில் கல்யாணம் கூடாது. தாய் வழியில் அவ்வளவு கறார் இல்லை, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் தாய்மாமன் என்றால் பேச்சே கிடையாது. அவர்கள் முஸ்லிம்கள். அக்கா மகளையோ அண்ணன் மகளையோ மணப்பது இஸ்லாத்தில் நேரடியாகத் தடுக்கப்பட்டது. அபாவின் காதில் நான் சொன்னது, ‘அப்பாவைக் கட்டிக்கொண்டேன்’ என்பதற்கு ஒரு படி கீழே.

இத்தனைக்கும் தாய்மாமன் உறவு அவர்களுக்கும் உசத்திதான். சகோதரியின் பிள்ளையை ‘ஜேன்’ என்பார்கள். அவன் தாய்மாமன் வீட்டுக்கு வந்தால் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம், மாமன் மறுக்கக் கூடாது. ‘ஜேன் வருவதைவிட ஏழு ஓநாய் வரட்டும்’ என்று அதற்கும் ஒரு பழமொழி. காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் தாய்மாமன் சீர்வரிசை இல்லாமல் விளக்கேற்றாத நமக்கு அந்தப் பழமொழியின் செல்லக் கோபம் உடனே புரியும். பாதை அது வரை ஒன்றாகவே வருகிறது, அந்த இடத்தில் பிரிந்துவிடுகிறது. அங்கே மாமன் இன்னொரு அப்பாவாகவே நின்றுவிடுகிறான். இங்கே அவனுக்கு ‘முறை’ வந்துவிடுகிறது.

அபாவுக்கு நான் எங்கள் பக்கத்தை விளக்க முயன்றேன். எங்களுக்கும் தடை உண்டு, சொல்லப்போனால் உங்களைவிடக் கடுமையாகவே உண்டு என்றேன். பெரியப்பா, சித்தப்பா மகள் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம். கொங்குப் பக்கம் ‘கூட்டம்’ என்கிற குலப்பிரிவு ஒன்றாக இருந்தால் போதும், முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் அண்ணன் தங்கைதான். ஏழு தலைமுறை கடந்தால் உங்களுக்குத் தடை தீர்ந்துவிடும், எங்களுக்கு எழுபது கடந்தாலும் தீராது. ஆனால் அம்மாவின் தம்பியும் அத்தை மகனும் மாமன் மகனும் வேறு குடும்பம், வேறு குலதெய்வம். அதனால் முறை. மொழியே அப்படி அமைந்திருக்கிறது. அம்மாவின் அண்ணன் தம்பியும் மாமா, புருஷனின் அப்பாவும் மாமா. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. பிறந்த அன்றே கல்யாண உறவுக்கான சொற்கள் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகின்றன.

சொத்து வெளியே போகாது என்பார்கள். அது உண்மையில் பாதிதான். கட்டிக் கொடுத்த மகளோடு பிறந்த வீட்டுக்கு இருக்கும் பாசம் அறுந்துபோகக் கூடாது என்பது மீதி. எனக்கு மாமியார் என் அம்மாச்சி. சமைக்கத் தெரியாமல் போனேன், ஒரு சொல் பேசியதில்லை. தூரத்து ஊரில் முகம் தெரியாத வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் தோழிகள் பட்டதை நான் படவில்லை. அதையும் அபாவிடம் சொன்னேன். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தந்தை வழியில் 5 தலைமுறையும் தாய் வழியில் 3 தலைமுறையும் தள்ளித்தான் மணக்கலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கம் இருக்கிற சமூகங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. எங்கள் கல்யாணம் அந்த விலக்கில்தான் நிற்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள்.

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் டீக்கிண்ணத்து விளக்கம் எனக்குள் இறங்கியதுபோல என் விளக்கம் அவருக்குள் இறங்கவில்லை.

என் மகளுக்குள்ளும் இறங்கவில்லை என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது. அவள் வகுப்புக்குப் போன பிறகு மேசையைத் துடைக்கும்போது மரபியல் நோட்டு திறந்து கிடந்தது. குடும்ப வரைபடம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவியை ஒரு கோடு சேர்க்கும். ரத்த உறவில் கட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் இரட்டைக் கோடு. அவள் எங்கள் குடும்பத்தைத்தான் போட்டிருந்தாள். பெயர் இல்லை, ஆனால் அந்த வட்டமும் கட்டமும் யார் யார் என்று எனக்கா தெரியாது? அம்மாச்சியில் தொடங்கி மூன்று இடத்தில் இரட்டைக் கோடு. என் அக்காள் வீட்டுப் பையன் ஒருவன் பிறவியிலேயே காது கேளாதவன். அவனுடைய கட்டத்துக்கு முழுக்கக் கறுப்பு அடித்திருந்தாள். ஓரத்தில் 1/8 என்று ஒரு எண். தாய்மாமனை மணந்தவர்களின் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று, மாமன் மகன், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒன்று என்று பிறகு சொல்லித் தந்தாள். எல்லாப் பிள்ளைக்கும் கோளாறு வரும் என்று அதற்கு அர்த்தமில்லை, பெரும்பாலானவை நன்றாகத்தான் பிறக்கும், ஆனால் ஒளிந்திருக்கிற நோய் வெளியே வரும் வாய்ப்பு கூடும் என்றாள். நோட்டை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முதலில் அவள் கேட்டது, “கோவமாம்மா?”

அபாவின் கதை அதற்கும் சில நாள் கழித்து வந்தது. நான் கேட்டேன், உங்கள் கல்யாணம் எப்படி என்று. அவர் சாதாரணமாக, ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டே சொன்னார்: “அலா கச்சூ.”

‘எடுத்துக்கொண்டு ஓடுவது’ என்று அர்த்தம். 1984-ல் நரின் பக்கம். அவருக்கு 19 வயது. சித்தி மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவரை நான்கு பையன்கள் ஒரு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதில் ஒருவனை மட்டும் ஒருமுறை பார்த்திருக்கிறார். வீட்டுக்குள் கொண்டுபோய், மணப்பெண்ணுக்காக மூலையில் கட்டியிருக்கும் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஆண்கள் போய்விட்டார்கள். மிச்ச வேலை பெண்களுடையது. பையனின் அம்மா, அத்தைமார், அண்ணிமார் எல்லோரும் சேர்ந்து ‘ஜோலுக்’ என்கிற வெள்ளை முக்காட்டை அவர் தலையில் போடுவார்கள், அவர் பிடுங்கி எறிவார், மறுபடி போடுவார்கள். ராத்திரி முழுக்க. அவர் எழுந்து ஓடப் பார்த்தபோது வீட்டுக் கிழவி வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள். வயதானவளைத் தாண்டிப் போகிறவளுக்குச் சாபம் பிடிக்கும். விடியும்போது முக்காடு தலையில் இருந்தது.

அதற்குப் பிறகு பையன் வீட்டார் ஆட்டோடும் பரிசுகளோடும் பெண் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். அதற்கு ‘அச்சூ பசார்’ என்று பெயர், கோபத்தை அமர்த்துவது. பெண்ணைப் பெற்றவர்கள் கோபப்படத்தான் செய்தார்கள். ஆனால் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு ராத்திரி அந்நிய வீட்டில் தங்கிவிட்டவள் திரும்பி வந்தால் குடும்ப மானம் போய்விடும். ‘கல் விழுந்த இடத்தில்தான் கனம்’ என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டுப் போனாராம்.

இதை ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று அங்கே பலர் நினைக்கிறார்கள். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. சோவியத்துக்கு முந்திய காலத்தில் பெரும்பாலும் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணங்கள்தான். தூக்கிப் போவது என்றால் பெரும்பாலும் பையனும் பெண்ணும் பேசி வைத்துக்கொண்டு ஓடுவது. 1920-களில் சோவியத் ஆட்சி ‘கலிம்’ என்கிற பெண்பணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் குற்றமாக்கியது. பெரியவர்கள் பிடி தளர்ந்தது, இளைஞர்கள் தாங்களே துணை தேடும் காலம் வந்தது, ஆனால் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்பது மட்டும் கூடவே வரவில்லை. பழைய சொல்லுக்குள் புதிய வன்முறை புகுந்துகொண்டது. 1991-ல் நாடு தனியானபோது வறுமையும் வேலையின்மையும் சேர்ந்தன. கலிமுக்கும் ‘தோய்’ என்கிற கல்யாண விருந்துக்கும் கொடுக்க வழியில்லாத வீடுகளுக்கு இது செலவு குறைந்த வழி. ‘நம் பண்பாடு’ என்ற பெருமையும் அதற்கு மேல் போர்த்தப்பட்டது.

பெண்ணுக்குப் பணம் கொடுப்பது என்றதும் எனக்கு ஏற்காட்டு மலை நினைவு வந்தது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் தருவது வழக்கம். கீழே சமவெளியில் நாமும் ‘பரிசம் போடுவது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம், பணம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி வரதட்சணை ஆகிவிட்டது. அப்படியே இருக்கும் சொல்லுக்குள் வழக்கம் எப்படித் தலைகீழாகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சட்டம் அங்கே இருக்கிறது. பெண்ணைக் கடத்திக் கட்டாயக் கல்யாணம் செய்தால் அதிகபட்சம் 3 ஆண்டு என்று இருந்த தண்டனை 2013-ல் 10 ஆண்டு வரை உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு கால்நடைத் திருட்டுக்கான தண்டனை இதைவிட அதிகம். ஆட்டுக்கு இருந்த மதிப்பு பெண்ணுக்கு இல்லையா என்று அந்த நாட்டுப் பெண்களே கேட்டுக் கேட்டுத்தான் சட்டம் மாறியது. ஆனால் காவல் நிலையம் மாறவில்லை. 2018 மே மாதம் கடத்தப்பட்ட 20 வயது மருத்துவ மாணவியைப் போலீஸ் மீட்டுக் கொண்டுவந்து, கடத்தியவனோடு ஒரே அறையில் விட்டுவைத்தது. காவல் நிலையத்துக்குள்ளேயே அவன் அவளைக் குத்திக் கொன்றான். அவனுக்கு 20 ஆண்டு சிறை கிடைத்தது. 2021 ஏப்ரலில் பிஷ்கெக் நகரத்தில் பட்டப்பகலில் 27 வயதுப் பெண்ணைக் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனது கேமராவில் பதிவாகியிருந்தது. இரண்டு நாள் கழித்து அவளைப் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். மறுநாளே நூற்றுக்கணக்கானோர் உள்துறை அமைச்சகத்தின் முன்னால் கூடிவிட்டார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, கடத்தப்பட்டு மணமான தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 80 முதல் 190 கிராம் வரை எடை குறைவு என்று காட்டியது. அந்த ராத்திரியின் அழுகை பிள்ளையின் உடம்பு வரைக்கும் போகிறது.

வெளிநாடு போகிற நம் ஆட்கள் இந்த மாதிரி இடத்தில் சொல்லும் ஒரு சொல் உண்டு: ‘அது அவங்க வழக்கம், நமக்கென்ன.’ பெருந்தன்மை மாதிரித் தெரியும். ஆனால் ‘அவங்க’ என்பது யார்? காரை ஓட்டியவனும் அவங்கதான், அமைச்சகத்தின் முன்னால் நின்று கத்தியவர்களும் அவங்கதான். வழக்கம் என்று சொல்லி நாம் ஒதுங்கும்போது, நமக்கே தெரியாமல் முதல் ஆளின் பக்கம் போய் நின்றுவிடுகிறோம். முக்காட்டை ராத்திரி முழுக்கப் பிடுங்கி எறிந்தாளே ஒரு 19 வயதுப் பெண், அவளும் கிர்கிஸ் பண்பாட்டில் பிறந்தவள்தான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சொல்லும் எனக்கு நாக்கு வரை வந்தது. ‘எங்க ஊர்ல இப்படியெல்லாம் கிடையாது’ என்று. அதைச் சொல்ல முடியவில்லை. நான் சேலத்துக்காரி. பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் 1992-ல் முதன்முதலில் தொட்டில் வைத்தது என் மாவட்டத்தில். அதுவும் யாரோ ஒரு கிழவி ‘வழக்கம்தானே’ என்று சொல்லிச் செய்ததுதான். தூக்கிப் போவதும் எங்களுக்குத் தெரியாததில்லை. மகளைக் கேட்டு மன்னன் வருவதும், தகப்பன் மறுப்பதும், ஒரு பெண்ணால் ஊர் அழியப் போகிறதே என்று புலவர் வருந்துவதும் ‘மகட்பாற்காஞ்சி’ என்று புறப்பாட்டில் ஒரு துறை. வகுப்பில் நான் அதை வருஷா வருஷம் நடத்துகிறேன். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்கச் சொன்னதில்லை.

இன்றைக்கும் ஒரு பெண் தானாக விரும்பி ஒருவனோடு போனால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? ‘பொண்ணத் தூக்கிட்டுப் போயிட்டான்.’ அவள் நடந்து போயிருந்தாலும் தூக்கிக்கொண்டு போனதாகத்தான் பேச்சு. பெற்றவர்கள் கடத்தல் என்று புகார் கொடுப்பார்கள், காதல் ஜோடி எஸ்.பி. அலுவலகத்தில் தஞ்சம் என்று மறுநாள் பேப்பரில் படம் வரும். 2015-ல் ஓமலூர்ப் பக்கத்துப் பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் வேறு சாதித் தோழியோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டு மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அங்கே, கடத்தப்பட்டவளைச் சம்மதித்து வந்தவள் என்கிறார்கள். இங்கே, சம்மதித்துப் போனவளைக் கடத்தப்பட்டவள் என்கிறோம். இரண்டு ஊரிலும் பெண் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு முன்னால் குடும்பத்தின் சொல் எழுதப்பட்டுவிடுகிறது.

என் கல்யாணம் இதில் எங்கே வருகிறது என்பதை யோசிக்காமல் அங்கே தூங்க முடியவில்லை. என்னை யாரும் தூக்கிப் போகவில்லை. என் கணவர் நல்ல மனிதர். கல்யாணத்துக்குப் பிறகுதான் நான் தபால் வழியில் எம்.ஏ. படித்தேன், அவர் படிக்க வைத்தார். எனவே அபாவின் கதையும் என் கதையும் ஒன்று என்று சொன்னால் அது பொய், அவருக்கு இழைக்கப்பட்டதைச் சிறிதாக்குவதும் ஆகும். ஆனால் என்னிடமும் யாரும் கேட்கவில்லை. வெளியில் மாப்பிள்ளை பார்த்தால் பெண் பார்க்க ஒரு நாள் உண்டு, காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் ‘பிடிச்சிருக்கா’ என்று பெயருக்காவது ஒரு கேள்வி உண்டு. முறைமாமன் கல்யாணத்தில் அந்த நாளே கிடையாது. கேள்வி கேட்பதற்கு ஒரு பொழுது வேண்டுமே, அது வாழ்க்கையில் வரவே வராது. ‘உனக்கென்ன, மாமன் இருக்கான்’ என்று ஒன்பது வயதில் கேட்டது, 13 வயதில் அதே மாமா கட்டிய பச்சை ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்தது, 19 வயதில் தாலி. நடுவில் எங்கே நிறுத்திக் கேட்பது? அவரிடமும் யாரும் கேட்கவில்லை என்பதை நான் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அபா இன்னொன்று சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் கொழுந்தனின் மகன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களில் அவரும் ஒருவர். அந்தப் பெண் விடிய விடிய முக்காட்டை எறிந்தாள். கடைசியில் அவளைச் சமாதானப்படுத்தியது இவர்தானாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள்:

“‘நானும் அழுதவள்தான். இப்போ பார், நல்லா இல்லையா’ன்னு சொன்னேன்.”

மகள் அதைச் சொல்லி முடித்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் தமிழிலேயே சொல்லியிருக்கிறேன். 2009-ல், ஆத்தூரில், என் அக்கா வீட்டுச் சமையலறையில். அக்கா மகளுக்கு அப்போது 20 வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். என் தம்பிக்கு, அதாவது அவளுடைய தாய்மாமனுக்கு, அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். படித்தவள், டீச்சர், அவளுக்குப் பிடித்த சித்தி என்பதால் என்னை உள்ளே அனுப்பினார்கள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்துச் சொன்னேன்: “நானுந்தான் அழுதேன் கண்ணு. இப்ப நல்லா இல்லையா?” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து, பேசிட்டேன், சரின்னுட்டா என்று சொன்னேன். அவள் சரி என்று சொல்லவே இல்லை.

அந்த வரைபடத்தில் மூன்றாவது இரட்டைக் கோடு அவளுடையது.

ஊர் திரும்பி நான்கு மாதம் கழித்து, பிப்ரவரியில் ஆத்தூர் போனேன். மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருந்தார்கள். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். பிஷ்கெக் கதையெல்லாம் கேட்டாள், அரைக் கிண்ணம் டீயைச் சொன்னபோது சிரித்தாள். அப்புறம் கேட்டேன்.

“அன்னைக்கு உனக்கு இஷ்டமான்னு நான் கேக்கவே இல்ல இல்ல?”

கையில் இருந்த காயை உரித்து முடித்து முறத்தில் போட்டாள். அடுத்த காயை எடுக்கவில்லை.

“அன்னைக்கு நீங்க உள்ள வந்தப்ப, நீங்களாவது கேப்பீங்கன்னுதான் சித்தி பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள். “இப்பக் கேட்டா எனக்குப் பதில் தெரியல. அன்னைக்குத் தெரியும்.”